உங்கள் எண்ணுக்கு மட்டும் ஒரு தனி மணி

என் வீட்டுக்காரருக்கு,

நாலு மாதமாக உங்கள் போனை எடுக்காத உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுதுங்கள். ‘பரவாயில்லை’ என்று எழுதினால் நம்பமாட்டேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்றைக்கும் நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ‘என்மேல கோவமா? இனிமே கூப்பிடாம இருந்துடவா?’ என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். பதில் எழுத ஆரம்பித்துப் பதினோரு தடவை அழித்தேன். கடைசியில் வேலை அதிகம் என்று அனுப்பினேன். அது பச்சைப் பொய். எனக்குக் கோபம் இல்லை, பயம். உங்கள்மேல் இல்லை, உங்கள் போன்மேல்.

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள், நீங்கள் சிரித்தும் நாளாகியிருக்கும். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருநூறு போன் எடுக்கிறவள் நான். அழுகிறவர்கள், திட்டுகிறவர்கள், எந்த டாக்டரைப் பார்ப்பது என்று என்னிடமே கேட்கிறவர்கள், எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசுகிறேன். வீட்டில் உங்கள் மணி அடித்தால்தான் கை ஜில்லிட்டுப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிய வாரம், உங்கள் எண்ணுக்கு மட்டும் ஒரு தனி மணி வைக்கச் சொல்லி நம் மகளைப் படாதபாடு படுத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? நாள் முழுக்க மணிச் சத்தம் கேட்கிற காதுக்கு இது ஒன்றாவது வேறாகக் கேட்கட்டும் என்று ஆசை. புல்லாங்குழல் மாதிரி ஒன்றை வைத்துக்கொடுத்தாள். அது கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவேன். எடுத்தால் நீங்கள் வாயே திறக்கமாட்டீர்கள். நான் முதலில் ‘சொல்லுங்க’ என்று சொல்லவேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் பேசுவீர்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கும் அந்தப் புல்லாங்குழல்தான் கேட்டது. எடுத்தேன். வழக்கம்போல் சத்தமே இல்லை. நான் சிரித்துக்கொண்டே ‘சொல்லுங்க’ என்றேன். வேறு யாரோ பேசினார். கிடங்கில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த நீங்கள் ஏணியிலிருந்து விழுந்துவிட்டதையும், இன்னும் கண் திறக்கவில்லை என்பதையும் உங்கள் கூட்டாளி உங்கள் போனிலிருந்தே சொன்னார். பாவம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் பேசாமல் நின்றிருக்கிறார். மறுநாள் நீங்கள் கண் திறந்தீர்கள். கால் எலும்பு கூடிவிட்டது, வேலைக்கும் போகிறீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது, என் காதுக்குத்தான் தெரியவில்லை.

மணியை மாற்றிப் பார்த்தேன். புது மணியும் இரண்டே நாளில் பழைய மணி ஆகிவிட்டது. ஒருநாள் போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். உங்கள் தங்கை, எல்லோரையும் அதிகாரம் பண்ணும் நம் வீட்டுக் கலெக்டர், தோண்டி எடுத்துத் துடைத்துக்கொண்டே, மணி அடிச்சாலே நடுங்குற மாதிரி அண்ணியை அண்ணன் நல்லா பழக்கி வச்சிருக்காரு என்று சொன்னாள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அவள்தான் எடுத்து, அண்ணி குளிக்கிறாங்க என்பாள். நாலு மாதத்தில் நான் எத்தனை தடவை குளித்திருக்கிறேன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் குரல் வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இங்கிருந்து கிளம்புமுன் அனுப்பிய குரல் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. சாவியைக் காணோம், என் பச்சைச் சட்டைப் பையில பாரு என்கிறீர்கள். ஒன்பது விநாடி. வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் தினமும் கேட்கிறேன். சாவி அன்றைக்கே கிடைத்துவிட்டது.

மூன்றாவது மாடியில் இருக்கும் மனநல டாக்டரம்மாவுக்கு ஆறு வருடமாக நான்தான் ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். போன மாதம் என் பெயரையே எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஆபரேட்டருக்குப் போன் எடுக்கப் பயமா என்று சிரிப்பார் என்றிருந்தேன், சிரிக்கவில்லை. எடுக்காமல் விடுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நிம்மதி வருகிறதாம், பயம் அதைத் தின்றுதான் வளர்கிறதாம். பயம் வந்தால் விரட்டவேண்டாம், ஓடவும் வேண்டாம், அது ஏறி உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள் என்றார். சொல்வது சுலபம். அவர் கையில் என் போன் இல்லையே.

இருந்தாலும் செய்கிறேன். உங்கள் தங்கை எண்ணுக்கு அந்தப் புல்லாங்குழலை வைத்துக்கொண்டோம். சாயங்காலம் அவள் சமையலறையிலிருந்து கூப்பிடுவாள், நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் இரண்டாவது மணிக்கே வாசலுக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் ஏழாவது மணி அடிக்கும்வரை உட்கார்ந்தேன். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு, வியர்த்துக்கொண்டு. இந்த வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டேன். கலெக்டர் குரலைக் கனமாக்கிக்கொண்டு, வெங்காயம் அரை கிலோ போதுமா என்று விசாரித்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் நான் மட்டும் அழுதேன். அந்த மணி அடித்து, எடுத்து, அதில் நீங்கள் இல்லை.

இன்னொன்று. உங்கள் கூட்டாளி உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏணியில் இரண்டாவது படியோடு இறங்கிவிடுகிறீர்களாம், சூப்பர்வைசரிடம் கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். திருதிருவென்று முழிக்காதீர்கள், அவரையும் திட்டாதீர்கள். இங்கே எனக்கு வேலை அதிகம், அங்கே உங்களுக்குக் கால் வலி. நல்ல ஜோடிதான் நாம். பாதுகாப்பு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவரை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது படியிலேயே நில்லுங்கள். உடம்பு நடுங்கினால் நடுங்கட்டும். தணிந்தபிறகு இறங்குங்கள். மூன்றாவது படிக்கு அவசரமே இல்லை. எந்தப் படியில் நின்றீர்கள் என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

இதைச் செய்தியாகவே அனுப்பியிருக்கலாம். படித்த அடுத்த நிமிடம் கூப்பிட்டுவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? கடிதம் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த நாட்கள் எனக்கு வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் ‘கிடைத்தது’ என்று ஒரு செய்தி மட்டும் போடுங்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுங்கள். உங்கள் தங்கையையும் மகளையும் வெளியே அனுப்பிவிடுகிறேன். எத்தனை தடவை மணி அடித்தாலும் வைத்துவிடாதீர்கள், எடுப்பேன். ஆனால் ஒன்றே ஒன்று, உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். அன்றைக்கு மட்டும் சும்மா இருக்காதீர்கள். ‘சொல்லுங்க’ என்று என்னால் சொல்லமுடியாமல் போகலாம். எனக்காகக் காத்திருக்காமல் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். பெரிதாக ஒன்றும் பேசவேண்டாம். சாவியைக் காணோம் என்றாலும் சரி. அதுவும் வரவில்லையா, தொண்டையைச் செருமுங்கள், போதும். அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி