பூ வைத்துக் கேட்டது

நெடுங்கேணி
12.03.1984

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் சுகிர்தாவும் சுகம். அந்த வெயிலில் உங்களையும் அம்மன் சுகமாக வைத்திருக்கட்டும்.

சவூதி வேலை சித்திரையோடு முடிகிறது, ஊருக்கு வரலாமா என்று பூ வைத்துக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரத்தை. வாழையிலையில் தனித்தனியே பொதிந்து குளக்கட்டு அம்மன் முன்னால் வைத்தேன். வெள்ளை வந்தால் வரலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கள்ளமில்லாத கைதான் எடுக்க வேண்டும் என்று, போன வருடம் போலவே சுகிர்தாவை எடுக்க விட்டேன். இந்த முறையும் சிவப்பு.

பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் கடந்து போகத் துணிந்த மனிதருக்கு வீட்டுக்கு வர மட்டும் உத்தரவு வேண்டிக்கிடக்கிறது! மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளைக்கு இப்போது ஐந்து. படத்தில்தான் அப்பாவைத் தெரியும். கோபிக்காதீர்கள்.

உங்கள் விமலா


சிவமயம்
தம்மாம்
02.04.1984

அன்பின் விமலாவுக்கு,

உம்முடைய கடிதம் கண்டு சாப்பாடு இறங்கவில்லை. வர எனக்கும் ஆசைதான். ஆனால் அம்மன் தடுத்தால் அதில் ஒரு காரணம் இருக்கும். கேளாமல் நான் செய்த ஒரே காரியம் லொறி வாங்கியது. அது புரண்டதால்தான் இன்று இந்த மணலில் நிற்கிறேன். கேட்டுச் செய்தது உம்மைக் கட்டியது. அதில் குறை உண்டா, சொல்லும்!

நாட்டுச் செய்திகள் பயமாக இருக்கின்றன. பஸ்ஸில் போகிறவர்களை ஆமிக்காரர் இறக்கிக் கொண்டுபோகிறார்களாம். பிள்ளையோடு எங்கே போவதென்றாலும் பூ வைத்துக் கேளாமல் ஊரைத் தாண்ட வேண்டாம். இது என்மேல் ஆணை.

அன்புடன்
முத்துலிங்கம்


நெடுங்கேணி
20.01.1985

அன்புள்ள அத்தானுக்கு,

சுகிர்தாவுக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சல். குளிசை கொடுத்தால் விடுகிறது, பிறகு வருகிறது. "இனி பிள்ளையை இஞ்ச வைச்சிருக்காதேங்கோ, வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று டிஸ்பென்சரி ஐயா இன்று சொல்லிவிட்டார். பஸ் ஓடவில்லை. பக்கத்துக் காணி அப்புத்துரை அண்ணர் நாளை உழவு மிசினில் காட்டுப்பாதையால் போகிறார். "பயந்துகொண்டிருந்தா ஒண்டும் நடவாது தங்கச்சி, நான் கொண்டுபோய் விடுறன்" என்கிறார்.

எனக்குப் போகத்தான் மனம். உங்கள் ஆணை காலைப் பிடிக்கிறது. காலையில் பூ வைக்கப் போகிறேன். வெள்ளை வர வேண்டும் என்று கும்பிடுங்கள்.

உங்கள் விமலா


சிவமயம்
தம்மாம்
09.02.1985

அன்பின் விமலாவுக்கு,

கடிதம் கிடைத்த நாள் முதல் விரதம். வெள்ளைதான் வந்திருக்கும். அம்மன் கைவிடமாட்டா. பிள்ளை இப்போது எழும்பி ஓடித் திரிவாள் என்றே நினைக்கிறேன்.

எனக்கும் இங்கே மனம் நிற்கவில்லை. இந்தச் சித்திரைக்கு வரலாமா என்று இன்னொருமுறை பூ வைத்துக் கேட்டு எழுதும்.

அன்புடன்
முத்துலிங்கம்


நெடுங்கேணி
03.03.1985

அத்தான்,

என் அண்ணர் அடித்த தந்தி உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது. சுகிர்தா போய்விட்டாள்.

அன்று காலை காய்ச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டுபோய் எடுக்க விட்டேன். சிவப்பு. அப்புத்துரை அண்ணர் வீட்டுப் படலையில் மிசினை நிறுத்திக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அவர் பின்னேரமே ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தார். மறுநாள் மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னர், மடியில் கிடந்தபடி கேட்டாள்: "அம்மா, நான் சரியாத்தானே எடுத்தனான்?"

"என்னம்மா சரி?"

"செவ்வரத்தம்பூ பெரிசெல்லோ. அது இருக்கிற பொட்டலமும் பெரிசாத்தானே இருக்கும். நான் எப்பவும் பாத்துத்தான் எடுக்கிறனான். சிவப்புத்தானே வடிவு."

மூன்று முறையும் அப்படித்தான் அத்தான். உங்களை வரவேண்டாம் என்று அம்மன் சொல்லவில்லை. பிள்ளையைக் கொண்டுபோகாதே என்றும் சொல்லவில்லை. அவவை நான் நொந்துகொள்ளமாட்டேன். அவவை நம்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு, முடிவெடுக்கிற பாரத்தை ஒரு பச்சைப்பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறோம். நீங்களும் கொடுத்தீர்கள், நானும் கொடுத்தேன்.

விளக்கு இப்போதும் ஏற்றுகிறேன். பூ இனி வைக்கமாட்டேன். சித்திரைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாருங்கள் என்றும் நான் எழுதமாட்டேன், வேண்டாம் என்றும் எழுதமாட்டேன். அதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

விமலேஸ்வரி