உடம்பு சரியில்லன்னு நீ சொன்னது

ரெங்கம்,
ஞாயித்துக்கிழமை சாயங்காலம்

ஷர்மி கண்ணு,

அம்மா எழுதறேன். நாங்க இங்க சொகம், நீ அங்க சொகமான்னு ஆரம்பிக்கணும், தமிழ்ப்பள்ளியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, எழுதிட்டு முதல் பாதிய நானே அடிச்சுட்டேன், மேல கிறுக்கி இருக்கறது அதுதான். ரெண்டாவது பாதிய அடிக்கல. நீ சொகமா? போன வாரம் போன்ல உடம்பு சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்ட, திருப்பி அடிச்சா எடுக்கல, மெசேஜ் போட்டா கட்டைவிரல் படம் ஒண்ணு வருது, அத வெச்சு நான் என்னத்த புரிஞ்சுக்கறது. ஃபார்ம் டூவோட பள்ளிக்கூடத்த விட்டு ஓடினவ, பதினெட்டு வயசுல உன்ன பெத்தவ, உக்காந்து கடுதாசி எழுதற பொறுமையெல்லாம் எனக்கு ஏது. ஆனா போன்ல பேசினா ஹால்ல இருந்து அப்பா காது குடுத்து கேக்கறாரு, நீயும் கோத்தா கினபாலு ஆஸ்பத்திரியில வேலை இருக்குன்னு கட் பண்ணிடற. கடுதாசிய கட் பண்ண முடியாதுல்ல, அதான்.

இங்க நடந்தத சொல்றேன். அப்பா குடிச்சுட்டு எந்திரிக்க முடியாத நாள்ல லோரி கம்பெனி மொதலாளி தவுக்கேக்கு போன் போட்டு உடம்பு சரியில்லன்னு சொல்லுவோம்ல, நீ இருந்தப்ப நீ சொல்லுவ, உன் மலாய் சுத்தமா இருக்கும், நீ போனப்புறம் நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். போன மாசம் அளவுக்கு மீறி சொல்லிட்டேன் போல. பாவம் அந்த மனுஷன் நெசமாவே பெரிய சீக்குன்னு நெனச்சு ஆயர் ஈத்தாம்ல இருந்து காடிய ஓட்டிக்கிட்டு, ஒரு பை ஆரஞ்சும் கோழி எசென்சு பாட்டிலுமா வாசல்ல வந்து நிக்கறாரு. அப்பா ஹால் தரையில, கைலி ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். நான் கதவ பாதி சாத்திப் பிடிச்சுக்கிட்டு இப்பத்தான் மருந்து குடிச்சுட்டு தூங்கறாருன்னு சொல்றேன், அதுக்குள்ள வாடை என்ன தாண்டி வெளிய போயிடுச்சு. அவரு கத்தல. பைய என் கையில குடுத்துட்டு, ராணி, இது டெமாம் இல்லலா, அப்படின்னு மட்டும் சொன்னாரு. கத்தியிருந்தா நானும் பதிலுக்கு கத்தியிருப்பேன், எனக்கு நல்லா வரும். இது காய்ச்சல் இல்லன்னு மெதுவா சொன்னா அதுக்கு என்னத்த கத்தறது. அந்த ஆரஞ்ச ரெண்டு பேரும் தொடல, அழுகினப்புறம் நான்தான் கொட்டினேன்.

ஃபேக்டரியில என் பக்கத்துல பேக்கிங் பண்ற புஷ்பவள்ளி அக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு கேட்டாங்க, எரிஞ்சு விழுந்தேன். வாய் இவ்ளோ இருக்கே, ஞாயித்துக்கிழமை குளுவாங்குக்கு அத தூக்கிட்டு வா, அங்க அதுக்கு வேலை இருக்குன்னாங்க. போனா, குடிக்கிறவங்க, ஐஸுன்னு அந்த போதைத்தூள் அடிக்கிறவங்க, இவங்க வீட்டு ஆளுங்க மட்டும் கூடற இடம். பிரேமலான்னு ஒரு டீச்சர், தம்பிய குடிக்கு பறிகுடுத்தவங்க, அவங்க நடத்தற தாடிக்காவுல, அந்த பாலர் பள்ளியிலதான் கூட்டம். உக்கார எல்லாம் சின்னப் பிள்ளைங்க நாற்காலி. முட்டி காதுல இடிக்குது, செவுத்துல யானை படம். வீட்டுல என்ன பிரச்சனைன்னு கேட்டாங்க. என் வாய்ல தானா வந்துச்சு, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு. அத்தன பேரும் சிரிச்சுட்டாங்க ஷர்மி. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்ப புஷ்பவள்ளி அக்கா, கோவப்படாத, எங்க வீட்டுல அதுக்கு பேரு கேஸ்டிரிக் அப்படின்னாங்க. பொந்தியான்ல இருந்து வர்ற சதாசிவம் அண்ணன், மகன் ஐஸ்ல மாட்டினவன், அவங்க வீட்டுல அதுக்கு பேரு அவுட்ஸ்டேஷனாம். இன்னொரு அம்மா வீட்டுல முதுகுவலி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேரு வெச்சிருக்கோம்டி, பிள்ளைக்கு வெக்கற மாதிரி.

இங்க வந்தா ஆளு திருந்திடுவாரான்னு கேட்டேன். அதுக்கு நாங்க வாக்கு குடுக்க மாட்டோம், நீ சாயாம இருக்கத்தான் இதுன்னாங்க. அப்ப எதுக்கு பஸ் ஏறி வந்தேன்னு கோவமா எந்திரிச்சேன், நாற்காலியும் இடுப்போட ஒட்டிக்கிட்டு கூடவே எந்திரிச்சுடுச்சு. மறுபடி சிரிப்பு. அந்த தடவ நானும் சிரிச்சேன். எப்ப கடைசியா சிரிச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

அதுக்கப்புறம் தவுக்கேக்கு நான் போன் போடல. குடிய விட ஆஸ்பத்திரியில காட்டினா வேலை இருக்குன்னு தவுக்கே அப்பாகிட்டயே சொல்லிட்டாரு, அப்பா போக மாட்டேங்கறாரு, எங்கிட்ட பேசவும் மாட்டேங்கறாரு. பொந்தியான் அத்தை, எங்க அண்ணன் மானத்த நீ ரோட்டுல போட்டுட்டன்னு போன வெச்சவங்க வெச்சதுதான். கூட்டத்துல இருக்கற வரைக்கும் சரி, முடிஞ்சா அவங்கவங்க பஸ்ஸு. வீட்டுக்கு வந்தா டிவி மட்டும் பேசுது. அப்பாவுக்கு சோத்த போட்டு மூடி வெச்சுட்டு நான் குசினியில அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே தின்னுடறேன், எதிர்ல ஆள் இல்லாம உக்காந்தா எறங்க மாட்டேங்குது. அப்பா உனக்கு போன் போட்டு, தவுக்கேகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லும்மான்னு கேப்பாரு. அழுவாரு. சொல்லாத. அப்பாகிட்ட பேசு, பாசமா பேசு, அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லாத.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன், இதுக்குத்தான் பேனாவ எடுத்ததே. உடம்பு சரியில்லன்னு வேற பிள்ளை சொன்னா பனடோல் போடுன்னு சொல்லிட்டு அம்மாக்காரி தூங்கிடுவா. நீ சொன்னதும் நான் போன பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். நம்ம வீட்டுல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். நர்ஸு நீ, ஊரு காய்ச்சலையெல்லாம் டிகிரியோட எழுதற, உன்னோடத எழுத மாட்டேங்கற. காய்ச்சல்னா காய்ச்சல்னு எழுது. அழுதிருந்தா அழுதேன்னு எழுது. எங்கிட்ட பேசப் பிடிக்கலன்னா அதையும் எழுது, தாங்கிக்குவேன். நீயும் கிளாஸ தொட்டிருந்தா அப்படியே எழுது. நான் கத்த மாட்டேன். கத்தினாலும் நீ வெச்சுடாத.

மேகியே திங்காத, நைட் ஷிப்ட் முடிஞ்சு வெறும் வயித்துல படுக்காத. மாரியம்மா உன் தலமேல கைய வெச்சே இருக்கட்டும், நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடியா நடக்கட்டும். இதுக்கு பதில் கட்டைவிரல் படம் வேணாம், வாயால சொல்லு, இல்ல கையால எழுது.

சொகமா இல்ல, ஆனா இருக்கேன்.

உன் அம்மா,
செல்வராணி