கொனாடுவின் லேசரும் என் கடைவாய்ப் பல்லும்

பிப்ரவரி 6, 2023, திங்கள்

கொனாடு விற்பனைக்கு லேசர் கொண்டுவந்துவிட்டாள். பல் நரம்பு வெளியே தெரிந்தால் ஒளியால் தொட்டே ரத்தத்தை நிறுத்துமாம். மூன்று வருடம் என் பல் மருந்துக் கடையில் பெட்டி பிரித்தவள்! பல் டாக்டர் அம்போன்சா ஆறு மாதம் சோதித்துப் பார்க்கப்போகிறார். அந்தக் காயத்துக்குப் பன்னிரண்டு வருடமாக என் மருந்துப் பொடியைத்தான் குழைத்து வைக்கிறார். அவர் மாறினால் குமாசி ஊர் முழுக்க மாறும். அப்புறம் நான்?

பிப்ரவரி 14

டாக்டர் ஒட்டிய உறைகள் வைத்திருக்கிறார். நோயாளியே ஒன்றை எடுக்க வேண்டும். உள்ளே ‘பொடி’ அல்லது ‘லேசர்’. லேசர் பட்டவர்களில் நாலு பேருக்காவது வலிக்காதா?

என்ன மனசடி உனக்கு, செர்வா.

பிப்ரவரி 25, சனி

துக்க வீட்டு விருந்து. ஆட்டுக்கறி சூப். எலும்பை உடைத்து உறிஞ்சாமல் எழுந்தால் சமைத்தவள் முகம் சுருங்கும். கடித்தேன். உடைந்தது பல்.

பிப்ரவரி 27

“நரம்பு தெரியுது அக்கா. உறை எடுங்க.”

“எனக்குமா? என் பொடியையே வைங்க டாக்டர்.”

“கடைக்காரிக்குத் தனிச் சட்டமா?”

எடுத்தேன். லேசர்.

மெஷினை இயக்கிக் காட்டக் கொனாடுவே வந்து நின்றாள். “வலிக்காது அக்கா. கண்ணாடி மட்டும் போட்டுக்குங்க.”

“உன்னைப் பாக்காம இருக்க, கண்ணை மூடிக்கறதே போதும்டி.”

சிரித்தாள். ஒளி பட்டபின் மேலே ஒரு பசையை வைத்து மூடினார்கள். அதுவும் அவள் சரக்கு.

ஏப்ரல் 11

வலிக்கவில்லை. சனியன்.

ஜூன் 3

ஐஸில் வைத்த அன்னாசியை அந்தப் பக்கமே கடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கொனாடு கார் வாங்கியிருக்கிறாள். வெள்ளை. அதுதான் வலிக்கிறது.

ஆகஸ்ட் 28

ஆறு மாதம் முடிந்தது. “வலி இருக்கா?” என்றார்.

“இருக்கு” என்றேன். குளிர்ந்த பஞ்சை வைத்தபோது நன்றாகவே முனகினேன்.

எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படம் சுத்தமா இருக்கு. ஆனா நீங்க இப்படிச் சொன்னா நரம்பு கெட்டுப்போச்சுன்னுதான் அர்த்தம். இன்னைக்கே பல்லைத் திறந்து நரம்பை எடுத்துடலாம்.” ஊசியில் மருந்து ஏற்றினார். எவ்வளவு நீள ஊசி!

“டாக்டர்... வலி இல்ல.”

“எப்ப நின்னுச்சு?”

“வரவே இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் லேசர் வரிசையில், பிழைத்த பல்லுக்கு ஒரு கோடு போட்டார், என் கண்ணெதிரிலேயே.

செப்டம்பர் 18

முடிவு சொன்னார். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பொடியில் பதினாறு பல் பிழைத்தது, லேசரில் பதினேழு. அந்த ஒரு பல் என் வாயில் இருக்கிறது.

“ஒரு பல்லை வச்சு முடிவு பண்ணல அக்கா, ரத்தம் சீக்கிரம் நிக்குது” என்கிறார். லேசரை வாங்கிக்கொண்டார். கொனாடுவின் பசை கையில் ஒட்டுகிறதாம். அதனால் மேலே மூட என் பொடிதான்.

செப்டம்பர் 21

கொனாடு கடைக்கே வந்தாள். “அக்கா, தமாலே ஊர்ல ஒரு டாக்டர் வாங்கலாமான்னு யோசிக்கிறார். லேசர் போட்டுக்கிட்டவங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவார்.” தன் ஃபோனில் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

சொன்னேன். வலிக்கவில்லை என்றேன். மேலே வைக்கும் பொடிக்கு என் கடை விலாசத்தையும் சொன்னேன்.

அவள் ஃபோன்கூட என்னுடையதைவிடப் புதுசு.