ரிலீவர் வராமல் இறங்காதவனுக்கு

நைனா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். என் அக்கா மகள் எஸ்தர் கம்ப்யூட்டரில் வரைகிற பொம்மைப் படம் ஊரெல்லாம் ஓடும், அதில் உன் குரலைக் கேட்டு ரயிலில் ஆட்கள் சிரிப்பார்கள், நீ போன பிறகும் அந்தப் படத்தில் உன் கிரேன் நிற்காது. மூன்றையும் ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன். சாட்சிக்கு நீ ஒருத்தன்தான் இருந்தாய். நீயும் போய்விட்டதால் இப்போது ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எட்டாங்கிளாஸோடு நின்றவனுக்கு இவ்வளவு மூளையா என்று பொறாமை.

காலையில் அந்தக் கம்பளியை வெயிலில் போடலாம் என்று பீரோ மேலிருந்து இழுத்தேன். முதலில் தைலம் வாசனை அடித்தது. அப்புறம் பீடி. அப்புறம், எத்தனை சோப்பு போட்டாலும் உன் கையை விட்டுப் போகாத கிரீஸ். கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் போடவில்லை. போட்டால் வாசனை போய்விடும். அதனால் இந்த மடலை எழுதுகிறேன்.

தீபாவளிக்குக் கம்பெனியில் ஆளுக்கு ஒன்று கொடுத்த கம்பளி அது. கும்மிடிப்பூண்டி வெயிலில், இரும்பு காய்ச்சுகிற மில்லில் வேலை பார்க்கிறவனுக்குக் கம்பளி கொடுத்த மகராசன் யார் என்று மில்லே சிரித்தது. "இத்த போத்திக்கினா நாம வெந்த சோறாய்டுவோம்டா" என்று சொல்லி உன்னுடையதை என் தலையில் போட்டாய். நான் மட்டும்தான் இது ஒரு நாளைக்கு உதவும் என்று மடித்து வைத்தேன். அதையும் முன்னாடியே சொன்னேன், குறித்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதே. நாளைக்கு எஸ்தர் படிப்பாள், அவளுக்கு விவரம் வேண்டும். முப்பது வருடம் நீ மேலே கிரேன் கேபினில், நான் கீழே சிக்னல்காரன். அந்த இரைச்சலில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையை விரித்தால் நில். என் தோளை நானே இரண்டு தட்டு தட்டினால், அடுத்த ஷிஃப்ட்டுக்கு உன்னை மாற்றுகிற ரிலீவர் வந்துவிட்டார், நீ இறங்கு. கை காட்டுவது என் வேலை, பார்ப்பது உன் வேலை. நான் கை காட்டாமல் நீ ஒரு ஆணியைக்கூட நகர்த்தியதில்லை.

"ரிலீவர் ஏறாம நான் எறங்க மாட்டேன். தொங்கற சரக்க வுட்டுட்டுப் போறவன் மனுசனா?" என்பாய். ஒரு முறை உன் ரிலீவர் ரயிலை விட்டுவிட்டான். நீ மூன்று நாள் மேலேயே உட்கார்ந்திருந்தாய், ஹூக்கில் பையை மாட்டி இட்லி அனுப்பினேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஒண்ணரை ஷிஃப்ட்டுடா பெரியமனுசா" என்று நீ குறுக்கே சொல்வாய். இட்லி அனுப்பியது மட்டும் உண்மை. சட்னி கொட்டிவிட்டது.

எஸ்தர் அப்போது ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொம்மை வரைவாள். ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மாமா, எனக்கு வாய் வரைய வரல. ஒவ்வொரு வார்த்தைக்கும் வாய் அசையணும். நூறு நூறு வாயா வரையணும். நான் ஒருத்தி எப்டி செய்வேன்?"

"எங்க மில்லுல எவனுக்கு வாய் தெரியுதும்மா? எல்லாம் துண்டு கட்டிக்கினு கண்ண மட்டும்தான் காட்டுவான்" என்றேன்.

அவ்வளவுதான். அனலுக்கும் தூசிக்கும் நாம் மூக்கு வரை கட்டுகிற துண்டை எல்லாப் பொம்மைக்கும் கட்டிவிட்டாள். படத்துக்கும் 'துண்டுக் கம்பெனி' என்றே பேர். நடக்கிற கால் வரைவதும் அவளுக்குக் கஷ்டம். அதனால் கதாநாயகனைக் கிரேன் கேபினிலேயே உட்கார வைத்தாள். அவன் இறங்கவே மாட்டான். அந்த ஆளுக்கு யார் குரல் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் உன் வீட்டு வாசலில் நின்றேன்.

எஸ்தர் வீட்டுக்குப் பின்னால்தான் லாரி ரோடு. ஹாரன் சத்தம் ரெக்கார்டிங்கில் விழாமல் இருக்கக் கனமாக எதையாவது போர்த்த வேண்டும் என்றாள். கம்பளி வந்தது. உன்னைக் கட்டிலில் உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்து, தலையோடு மூடினோம். "கிரேன் மாமா, ரெடி, பேசுங்க" என்றாள் எஸ்தர். சத்தமில்லை. "பேசுங்க மாமா." சத்தமில்லை. உன் வீட்டுக்காரி பாரதி பதறிப்போய், "ஐயோ, மூச்சு கீச்சு முட்டிக்கிச்சா!" என்று கம்பளியை இழுத்தாள். நீ வேர்த்து ஊற்றி, போனைப் பிடித்தபடி கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாய்யா, வாயத் தொறக்கறதுக்கு இன்னா?" என்றாள் பாரதி.

"இவன் கை காட்டாம எப்டி எடுக்கறது?" என்று என்னைக் காட்டினாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தரமும் நானும் கம்பளிக்குள் தலையை விட்டு விரலைச் சுற்ற வேண்டும், நீ பேச ஆரம்பிப்பாய். இரண்டு கிழவர்கள், ஒரே கம்பளி, சித்திரை மாதம். அந்தப் படத்தில் பாதி என் வேர்வை என்று நான் சொல்வது பொய்யில்லை.

நீயோ மில் இரைச்சலில் கத்தியே பழகியவன், மெதுவாகப் பேசத் தெரியாது. "டேய், கீழ கீறவனுங்கல்லாம் நிமிந்து பாருங்கடா! மேல ஒருத்தன் வேல செய்யறான்!" என்று நீ கத்தினால் தெருவில் நாய் எழுந்து ஓடும். பாரதி அடுப்பங்கரையிலிருந்து அப்படியே உன் தொண்டையில் திரும்பச் சொல்வாள். உன் இருமலோடு சேர்த்து. அப்புறம் தன் குரலில், "மேல உக்காந்துக்கினு இருக்கறது ஒரு வேலையா?" என்பாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த ரெக்கார்டிங் வீணாகும். எஸ்தர் அதை அழிக்கவில்லை, தனியே சேர்த்து வைத்தாள்.

படம் ஓடியது நைனா. ரயிலில் மில் வேலைக்குப் போகிற வடநாட்டுத் தம்பிகள் தமிழ் தெரியாமலே பொம்மைகள் காட்டுகிற கையைப் பார்த்துச் சிரித்தார்கள், எல்லா மில்லுக்கும் கைப் பேச்சு ஒன்றுதானே. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கப்பல் கேப்டன் நம் படம் பார்ப்பதற்காகக் கப்பலையே நிறுத்தினான் என்று டீக்கடையில் சொன்னேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே, "பின்னாடி வந்த கப்பல் ஹாரன் அடிக்கலையா?" என்றாய். அடித்தான் என்றேன். விட்டுக்கொடுப்பேனா?

அப்புறம் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எஸ்தர் அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததில் ஒரு எபிசோடு பாதியில் நின்றது. கதையில் கிரேன்காரருக்கும் மேனேஜருக்கும் சண்டை. மேனேஜரை நாற்காலியோடு ஹூக்கில் மாட்டித் தூக்கிவிட்டார். மேனேஜர் அந்தரத்தில் காலை ஆட்டுகிறார். அதுவரைக்கும்தான் நீ பேசிக் கொடுத்திருந்தாய். அவரை இறக்குவதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். "இப்பவும் உன் வாய வரைய வேணாம்டா" என்றேன். கண்ணால் சிரித்தாய். அதற்கடுத்த வாரம் நீ இல்லை.

பாதி எபிசோடையே எஸ்தர் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினாள். பார்க்கிறவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்: மேனேஜரை எப்போது இறக்குவீர்கள்? அவளோடு வேலை செய்கிற ஒருத்தி, "அவர் குரல்தான் இவ்ளோ இருக்குதே, கம்ப்யூட்டர்ல போட்டா அவர மாதிரியே அதுவே பேசும்" என்றாள். எஸ்தர் பாரதியிடம் கேட்டாள். பாரதி சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த உன் போட்டோவைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவரு சொல்லாத வார்த்தைய அவரு சொன்னதா நான் கேக்க மாட்டேம்மா. எம்மேல கோச்சிக்காத."

எஸ்தர் என்னிடம் வந்தாள். "வேற ஆள் குரல் போட்டா கிரேன் மாமாவ நானே அழிச்ச மாதிரி ஆய்டும். முடிச்சிக்கலாம் மாமா." அவள் குரலே இறங்கிப்போயிருந்தது. பாரதி நிலைமை இன்னும் மோசம். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. யாராவது கேட்டால் உண்டு, இல்லை, அவ்வளவுதான் பேச்சு. முப்பது வருடம் உன்னை வார்த்தைக்கு வார்த்தை மடக்கியவள் நைனா. எதிரே ஆளில்லாமல் அவள் பேச்சும் நின்றுவிட்டது.

படம் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவள் வாயடைத்து உட்கார்ந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. ஒரு மத்தியானம் போனேன். எனக்கு ஒரு பேச்சு கிடைத்தால் அதற்குக் கை கால் வைத்து நடக்க விடுவேன் என்று உனக்குத் தெரியும்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். கடைசியில நீ டாக்டருகிட்ட பேசப் போன பாரு, அந்த அஞ்சு நிமிசம். அவன் என்னியப் பாத்தான். வாய்தான் மூடியிருக்குதே. தோள ரெண்டு தட்டு தட்னான். அப்பறம் நீ போன கதவக் காமிச்சான். ரிலீவர் நீதான்னு சொல்லிட்டுத்தான் போனான்."

பாரதி என்னையே பார்த்தாள்.

"எந்தக் கையால தட்னாரு?"

"வலது கையால."

உள்ளே போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டுகிற நேரத்தில் வாசலுக்கு வந்தாள்.

"கம்பளி யாராண்ட கீதுணா?"

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கட்டிலில் உட்கார வைத்தோம். நான் எப்படி உள்ளே தலை விடுவது? எஸ்தருக்கு விரலைச் சுற்றச் சொல்லிக் கொடுத்து அவளைக் கம்பளிக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். முதலில் இருமல் வந்தது. உன் இருமல். பிறகு உன் தொண்டையில், "டேய், கீழ கீறவனுங்களா!" அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். எஸ்தரும் அப்படித்தான் நினைத்தாளாம். அப்போது பாரதியின் சொந்தக் குரல் வந்தது, முப்பது வருடக் காரத்தோடு:

"யோவ், போதும்யா உக்காந்தது. எறங்கு. நான் வந்துட்டேன்."

கம்பளிக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெளியே நின்று ஹாரன் சத்தத்தைத் திட்டுவதுபோல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

போன வாரம் அந்த எபிசோடு வந்தது. துண்டு கட்டிய ஒரு அம்மா ஏணியில் ஏறுகிறாள். கிரேன்காரர் முதல் முறையாக இறங்குகிறார். அதற்காக எஸ்தர் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வரையப் பழகினாள். கொஞ்சம் வளைந்துதான் வந்திருக்கிறது. உன் கால் என்ன நேராகவா இருந்தது? கீழே வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடக்கிறார். அந்த அம்மா, "நாற்காலி கம்பெனிது, பத்திரம்" என்று சொல்லி மேனேஜரை இறக்குகிறாள். நேற்று ரயிலில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இறக்குகிற இடத்தில் கை தட்டினார்கள். பெட்டி முழுக்கத் தட்டியது என்று நாளைக்குச் சொல்வேன். அடுத்த கதையைப் பாரதியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எஸ்தருக்கு எழுதிக்கொள்ளக் கை போதவில்லை.

முப்பது வருடம் கை காட்டிய பழக்கம் எனக்கும் போகவில்லை. ரோட்டில் லாரி பின்னால் எடுத்தால் என் விரல் தானாகச் சுற்றுகிறது. டிரைவர்கள் திட்டுகிறார்கள்.

இவ்வளவு சொன்னவன் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். கப்பலை நம்பாதே, பரவாயில்லை, அது உனக்கே தெரியும். இது வேறு.

ஆஸ்பத்திரியில் உன் வலது கையை அட்டை வைத்துக் கட்டி, டியூப் சொருகியிருந்தார்கள். அசைக்கவே முடியாது. பாரதிதான் அந்தக் கையை ராப்பகலாகப் பிடித்துக்கொண்டிருந்தவள். அந்த மத்தியானம் பேசிவிட்டு அவள் வீட்டிலிருந்து நான் திரும்பி வருகிற வழியில்தான், எந்தக் கை என்று அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்கு உறைத்தது. சொல்லாத வார்த்தை வேண்டாம் என்றவள், தெரிந்தேதான் கம்பளியைக் கேட்டாள். கிரேன்காரன் பெண்டாட்டிக்கு, மேலே இருக்கிறவன் கை காட்ட மாட்டான் என்று தெரியாதா?

நீ தோளைத் தட்டவில்லை நைனா. நான்தான் தட்டினேன். மூச்சுக்கு நீ படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல், உன் கால்மாட்டில் நின்று, என் தோளை இரண்டு தட்டு தட்டினேன். நீ பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். அப்போது ஏணியில் ஒருத்தரும் வரவில்லை. முப்பது வருடத்தில் உனக்கு நான் காட்டிய பொய்க் கை அது ஒன்றுதான்.

இப்போது அது பொய்யில்லை. ரிலீவர் ஏறியாகிவிட்டது.