வாயாடியும் இரண்டாவது பிரேக்கும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கடைக்கு வந்தவர் ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்றார். உருண்டை முகத்தில் இன்னும் இரண்டு உருண்டை. உங்கள் கண் நல்ல எடுப்பு, இது அதை அமுக்குகிறது, கொஞ்சம் கோணம் உள்ளதைப் போட்டுப் பார்ப்போமா என்றேன். இரண்டு வாங்கிக்கொண்டு போனார். எப்படித்தான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விற்றும்விடுகிறேனோ என்று முதலாளிக்கு இன்னும் ஆச்சரியம். இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. நல்லதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். குறை ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். இரண்டாவதைச் சொன்னால் ஆள் வாசலுக்குப் போய்விடுவார்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். அத்தான் டிரைவிங் ஸ்கூலை விற்றுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து, ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசப் பழகுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுச் செய்தி, அதோடு மேடையேறப் போகிறார் என்பது. இந்த மாதக் கடைசியில் அக்கா ஓய்வு பெறுகிறாள். பள்ளிக்கூடத்தில் நடக்கும் பிரிவுபசார விழாவில், அவளைக் கேட்காமலே, தன் பெயரைக் கொடுத்துவிட்டாராம். அக்கா அங்கே தலைமை ஆசிரியை. அவள் வந்தால் வராண்டாவே கப்சிப்.

"கடைசி நாள் என் மானம் கப்பலேறிடும்டி. நீ சொன்னா கேப்பார். வேணாம்னு சொல்லிடு."

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், போய்ப் பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்கிறேன் என்றேன். முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும்.

மார்ச் 7, சனி

பார்த்தாயிற்று.

பொம்மைக்குப் பெயர் வாயாடி. பேச்சோ போக்குவரத்துப் போலீஸ்! பெல்ட் போடுங்கள், வளைவில் முந்தாதீர்கள், கண்ணாடியைப் பாருங்கள் என்று மூச்சுவிடாமல் புத்திமதி. அத்தானின் உதடு அசைவது வாசலிலிருந்தே தெரிகிறது. இதை மறைக்க மீசையை வேறு அடர்த்தியாக வளர்த்திருக்கிறார். வந்தவர் போனவர் எல்லோரும் பிரமாதம் என்று கைதட்டிவிட்டு, படி இறங்கும்போது சிரித்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். ஒருத்தராவது உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தார்களா?

அவர் கை அருமையான கை. வாயாடி மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தபோது நான் என்னையறியாமல் வணக்கம் சொல்லப் போனேன். முதலில் அதைத்தான் சொன்னேன். முகம் மலர்ந்தது. உடனே உதட்டைப் பற்றிக் கேட்டார். அசைகிறது என்றேன். அதை விடுங்கள், இதைப் பார்த்து யார் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை என்று கேட்டேன்.

"சிரிக்கணும்மா." கொஞ்ச நேரம் பொம்மையின் சட்டையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "உங்கக்கா சிரிக்கணும்."

சமையலறைப் பக்கம் பார்த்தேன். அங்கே பாத்திரச் சத்தம்தான் கேட்டது.

அப்புறம்தான் அந்த ஒரு குறையைச் சொன்னேன். ஓட்டப் பழகுபவர்களுக்கான காரில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தரும் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், வண்டி தறிகெட்டால் மிதிக்க. "அத்தான், வாயாடிக்கும் நீங்க அந்த ரெண்டாவது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க. அது வாயைத் திறந்தா நீங்கதான் பேசறீங்க. கேக்க ஒண்ணும் இல்லாததாலதான் எல்லாரும் உங்க உதட்டைப் பாக்கறாங்க. ஒரு தடவை காலை எடுங்க. அது உங்களையே எதிர்த்துப் பேசட்டும்."

"பாக்கலாம்மா" என்றார். காபி கொடுத்தார்.

மார்ச் 9, திங்கள்

அக்கா குதூகலமாகப் போன் செய்தாள். பொம்மையைப் பையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டாராம். நான் கெட்டிக்காரியாம்.

போச்சு.

மார்ச் 10, செவ்வாய்

சரியாகத்தானே சொன்னேன்? ஒன்றுதானே சொன்னேன்? திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன். சொன்னதில் தப்பில்லை. சொல்லிவிட்டுக் கிளம்பி வந்ததுதான் தப்பு. கண்ணாடியைக் கொடுத்தால் ஒரு வாரம் கழித்து, காதுக்குப் பின்னால் அழுத்துதா என்று கேட்பேன் இல்லையா? சொந்த அத்தானுக்கு அந்த உபசாரம் கிடையாதா?

மார்ச் 12, வியாழன்

அரை நாள் லீவு போட்டு, அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். வீட்டில் அவ்வளவு அமைதி. டிவிகூட ஓடவில்லை. இந்த மனிதர் பகல் முழுக்க இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

கோபமா என்று நேராகவே கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லம்மா. நீ சொன்னபடி பிரேக்கை எடுத்துப் பாத்தேன். அது என்னென்னமோ பேசுது. எனக்கே பயமா இருக்கு."

என்ன பேசுகிறது என்று நான் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பையை இறக்கி அவர் மடியில் வைத்தேன். பயப்படும்படி ஏதோ பேசுகிறது என்றால் அதுதான், அத்தான், எல்லோரும் கேட்கத் தகுந்தது என்றேன். உதட்டை இப்போது கவனிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

அக்கா போனில் திட்டிவிட்டு வைத்ததோடு சரி, என்னோடு பேசுவதில்லை. பொம்மை மறுபடி இறங்கிவிட்டதாம், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகையாம். இருக்கட்டும். எனக்கு அந்தக் கையின் மேல் நம்பிக்கை இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா முன்வரிசையில், தண்டனைக்குக் காத்திருப்பவள் மாதிரி. அத்தான் வாயாடியோடு வந்து உட்கார்ந்தார். முதல் வரியிலேயே உதடு அசைந்தது. பசங்க இரண்டு பேர் கையைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள்.

வாயாடி அவர் பக்கம் திரும்பியது. "மாஸ்டர், நாளையிலேர்ந்து டீச்சர் நாள் பூரா வீட்லயே இருப்பாங்களாமே?"

"ஆமா."

"பயமா இல்ல?"

"கொஞ்சம் இருக்கு."

மண்டபமே அதிர்ந்தது. அக்காகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறமும் அவரை அது விடவில்லை. தொலைத்த சாவிகள், அடுப்பில் பொங்க விட்ட பால், எல்லாவற்றையும் சபையில் போட்டு உடைத்தது. பிறகு மெல்ல, அந்த அருமையான கை, அதன் தலையை அக்கா பக்கம் திருப்பியது.

"எனக்குத்தான், டீச்சர், பயம். இந்த ஆள் தினமும் என்கிட்ட பேசினதெல்லாம் உங்ககிட்ட பேசணும்னு வெச்சிருந்தது. நாளையிலேர்ந்து என் வேலை போயிடும்."

உதடு நன்றாகவே அசைந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அது என் தொழில். அப்புறம் எனக்கும் கண்ணீர் மறைத்துவிட்டது.

அக்கா சிரித்தாள். அத்தனை பசங்களுக்கு முன்னால், வாய்விட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா பேசினாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. பால் பொங்கிய கதையை ஊருக்கே சொல்லச் சொல்லிக் கொடுத்தது நீதானா என்று திட்டினாள். சத்தியமாக நான் இல்லை.

ஏப்ரல் 11, சனி

அக்கா கடைக்கு வந்தாள். தூரப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டுமாம். நூலகத்தில் அத்தானைக் குழந்தைகளுக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் எங்கே சொதப்புகிறார் என்று சரியாகச் சொல்ல முடியும் என்கிறாள். முடிவை ஜவ்வாக இழுக்கிறார் என்று நேற்றே சொல்லிவிட்டாளாம். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் திருத்திக்கொண்டாராம்.

அவள் எடுத்த ஃப்ரேம் பொருந்தவில்லை. பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அதுதான் வேண்டும் என்றாள். பில் போட்டேன்.

வெளியே ஹாரன் கேட்டது. அத்தான் காரில் காத்திருந்தார். ஒத்திகைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லடி. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரப் போறோம்."

"வாயாடி எங்க?"

"அது எதுக்கு? வீட்ல கிடக்கு."