செவ்வாய்க்கிழமை என்று எழுதியவர்

கிரூயெட்ஸ் பக்கத்திலிருந்து,
நவம்பர் மூன்றாம் தேதி.

அன்பு டாமியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவன் தயவில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நார்வேயில் இப்போதே குளிர் கடுமையாக இருக்குமே, கப்பல் பட்டறையில் வெளி வேலையா, உள் வேலையா? கம்பளிக் கையுறை கிழிந்திருந்தால் சொல், வேறு அனுப்புகிறேன்.

இங்கே ஆப்பிள் பறிப்பு முடிந்துவிட்டது. நம் மரங்கள் மோசமில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

முந்தாநாள் சகல புனிதர் திருநாள், ஊரே கல்லறைக்குப் போகும் நாள். என் அப்பா அம்மா கல்லறைக்கு விளக்கும் செவ்வந்திப் பூவும் கொண்டுபோனேன். என் தம்பி விட்டோல்டின் மனைவி, உன் யாத்விகா அத்தை, எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். "எங்க வீட்டு ஆம்பளைய ஜெயிலுக்கு அனுப்ப வழி பண்ணிட்டு, இங்க வந்து விளக்கு ஏத்துறீங்களா அண்ணி?" என்றாள். ஊரே நின்று பார்த்தது. என் விளக்கை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் மாமா உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பான். அவன் உனக்கு ஞானத்தகப்பன், டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், அவன் பேச்சை நீ நம்புவது இயல்பு. ஆனால் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். ஒரு தடவை நான் சொல்வதையும் படி.

ஜூலையில் மாமா தோட்டத்தில் அசுவினிப் பூச்சி பிடித்துக் கிளையெல்லாம் பஞ்சு ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பாவைக் கூப்பிட்டான். வழக்கமாக மருந்தடிக்கிறவர் அப்பாதானே. "மச்சான், போன தடவை அடிச்சதுல ஒரு பூச்சிகூடச் சாகல. இந்தத் தடவை கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்று கெஞ்சினான். அப்பா முதலில் மறுத்தார், பிறகு கூட்டித்தான் போட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடித்து முடித்து, தோட்டத்து வாசலில் சிவப்புப் பலகையை மாட்டினார். "சனிக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது விட்டோல்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். நானும் அந்த வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கூலி வேலைக்கு வந்திருந்த உக்ரேன் ஆட்கள் வெள்ளிக்கிழமை வேறு தோட்டத்துக்குப் போவதாக இருந்தது. அதற்குள் பிஞ்சு கிள்ளி முடிக்காவிட்டால் மாமாவுக்கு ஆள் கிடைக்காது. புதன்கிழமை காலை, இலையில் பனி காயும் முன்பே, பலகையைக் கழற்றிவிட்டு அவர்களை உள்ளே அனுப்பிவிட்டான்.

ஸோர்யானாவை உனக்கு நினைவிருக்கும். வருஷாவருஷம் வருவாளே, சிரித்தால் தங்கப்பல் தெரியும். போர்முனையில் இருக்கும் புருஷனிடமிருந்து செய்தி வந்ததா என்று பார்க்க, நம் அடுப்படியில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு நிற்பாள். நிற்கிற நேரத்தில் சும்மா இருக்க மாட்டாள், என் உருளைக்கிழங்கை உரித்துத் தள்ளிவிடுவாள். அன்று மத்தியானம் மரத்தடியில் விழுந்தாள். வேர்த்துக் கொட்டி, வாயில் நீர் வழிந்து, கண் தெரியவில்லை என்று அரற்றினாளாம்.

மாமா காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். என்ன மருந்து அடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒண்ணும் அடிக்கல டாக்டர், வெயில்ல மயங்கிட்டா" என்றிருக்கிறான். அவர்களும் வெயிலுக்கான வைத்தியத்தைப் பார்த்தார்கள். பயத்தில் சொன்னான் என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். என் தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் வரை நேரம் போய்விட்டது.

அப்பாவுக்குத் தெரிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மருந்தின் பெயர், கலந்த அளவு, அடித்த நேரம் எல்லாம் சொன்னார். உடனே மாற்று மருந்து கொடுத்தார்கள். ஆனாலும் அவள் பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து திரும்பும்போது செய்தி வந்தது.

அடுத்த நாள் மாமா நம் வீட்டுக்கு வந்தான். ஆய்வாளர் மருந்துப் பதிவைக் கேட்டிருக்கிறார். எங்கே, எப்போது, எதை, எவ்வளவு அடித்தோம் என்று மருந்தடிக்கிறவர்தான் எழுதி வைக்க வேண்டும். அதை எழுத சில நாள் அவகாசம் உண்டு, அப்பா இன்னும் எழுதியிருக்கவில்லை. மாமாவுக்கு அது தெரியும். "நீங்க எதையும் அழிக்கவோ திருத்தவோ வேண்டாம் மச்சான். இடம் காலியாத்தான இருக்கு? அதுக்கு முந்தின வாரமே அடிச்சதா எழுதுங்க. அளவையும் டப்பால போட்டிருக்கிறபடியே எழுதிடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனில் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டேனே என்று அப்பா கேட்டார். "பதட்டத்துல நாள் மாறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றான். அப்படியானால் அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்பார்களே என்றார். அதற்கு மாமா தலையைக் குனிந்துகொண்டு, "காலி மருந்து கேன்ல தண்ணி மொண்டு குடிச்சிட்டான்னு சொல்லிக்கலாம். அவங்க ஆளுங்க அப்படிப் பண்றதுதான" என்றான்.

டாமியன், நானும் என் தம்பிக்காகக் கெஞ்சினேன். அவன் என் கூடப் பிறந்தவன். "ஒரு வரிதானேங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கையை விடுவிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "என்னால அவ உயிரு போச்சு பொகுமீவா. அவ பேரையும் சேத்துக் கெடுக்கச் சொல்றியா?"

அன்றே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை என்று எழுதினார். கூட்டிப் போட்ட அளவையும், போட்டபடியே எழுதினார். அந்த அளவை அவரைத் தவிர யாரும் நிரூபித்திருக்க முடியாது. உன் மாமா உனக்குச் சொல்லாமல் விட்டது இதுவாகத்தான் இருக்கும். மாமாவை மாட்டிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டார் என்று நீ கத்தினாயே, அவர் தப்பிக்கவில்லை. லைசென்சைப் பிடுங்கிவிட்டார்கள். ஜனவரியில் கோர்ட்டில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காரப் போகிறார்கள்.

ஊரில் இப்போது அப்பாவுக்கு "எழுத்தர்" என்று பட்டப்பெயர். கடையில் ரொட்டி வாங்கப் போனால், "பாத்துப் பேசுங்கப்பா, எழுதி வச்சிரப் போறாரு" என்கிறார்கள். முந்தி அவருக்காகக் காத்துக் கிடந்த தோட்டக்காரர்கள்தான் சிரிக்கிறார்கள். எத்தனை பேர் பதிவில் உண்மையை எழுதுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் அவரைக் கண்டால் ஆகவில்லை.

செப்டம்பரில் ஸோர்யானாவின் மகள் வந்தாள், அம்மாவின் துணிமணிகளை எடுத்துப்போக. இவானா என்று பெயர், படித்துக்கொண்டிருக்கிற பெண். நான் டீ போட்டு வைத்தேன், தொடவில்லை. அப்பாவைப் பார்த்து, "எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, அம்மா கவனமில்லாம மருந்துக் கேன்ல தண்ணி குடிச்சாங்கன்னு. நிஜமா?" என்று கேட்டாள். மாமாவின் பேச்சு எல்லை தாண்டிப் போயிருக்கிறது பார். அப்பா எழுந்து நின்றார். "இல்லம்மா. உங்கம்மா எந்தத் தப்பும் பண்ணல. நான் அடிச்ச மருந்து. அளவுக்கு மேல அடிச்சேன்" என்றார்.

அந்தப் பெண் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். "அதை எழுதிக் குடுங்க" என்றாள். "பாட்டிகிட்ட காட்டணும். போர்லேருந்து எங்கப்பா வந்தா அவர்கிட்டயும் காட்டணும்."

அப்பா தாளை எடுத்து, நாள், இடம், மருந்து, அளவு எல்லாம் எழுதி, கடைசியில் அவள் அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாம் தரம் எழுதிய தாள் அது. அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள். மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். டிராக்டர் கொட்டகையில் போய் உட்காருகிறார், அங்கே அவருக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. "பையன் போன் பண்ணானா?" என்று மட்டும் தினமும் கேட்கிறார். நான் பொய் சொல்கிறேன். அவனுக்கு வேலை அதிகம், உங்களைக் கேட்டதாகச் சொன்னான் என்கிறேன். அவர் நம்புகிற மாதிரி தலையாட்டுகிறார்.

மாமா நிலைமையும் நல்லதாக இல்லை. தோட்டத்தை விலை பேசுகிறான் என்று கேள்வி. நேற்று அவன் வீட்டைத் தாண்டி நடந்தபோது ஜன்னலில் நின்றான். நானும் நின்றேன். இரண்டு பேரும் கையசைக்கவில்லை.

மகனே, கிறிஸ்துமஸுக்கு வா. யார் சரி என்று நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அதற்குக் கோர்ட் இருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுக்கும்போது அப்பா முன்னால் நீ உட்கார்ந்திருந்தால் போதும். உன் மாமா வீட்டுக்கும் போ. எந்த வீட்டுக்கு முதலில் போனாய் என்று நான் கேட்கவே மாட்டேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு தீங்கும் வராமல் இருக்கட்டும்.

வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கும்
உன் அம்மா,
பொகுமீவா