வாளித் தண்ணீரோடு போக வேண்டியது

மே 6, செவ்வாய்

இன்று நான் ஒன்பது பேருக்குக் கால் கழுவினேன். சில்வண்டு கழுவியது நான்கே நான்கு பேருக்கு. ஆனால் மாலையில் எங்கள் குழுவை நடத்தும் ஊழியர் அண்ணன் எழுப்பி நிறுத்திப் பாராட்டியது யாரை? கேட்கவே வேண்டாம்.

கல்லூரி ஜெபக்குழுவிலிருந்து எட்டுப் பேர் பத்து நாள் ஊழியத்துக்கு வந்திருக்கிறோம். வீடில்லாதவர்கள் தங்குவதற்கு ஒரு சபை நடத்தும் காப்பகம் இது. முன்பு சாமான் கிடங்காக இருந்ததாம். சுவரில் இன்னும் மூட்டை எண்கள் தெரிகின்றன. காலையில் ரொட்டியும் சூப்பும் கொடுக்கிறோம். பத்து மணிக்கு மேல் கால் கழுவும் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நகம் வெட்டி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, களிம்பு தடவி, புதுக் காலுறை போட்டு அனுப்ப வேண்டும். புண்ணோடு ஒட்டிய காலுறையை இழுக்கக் கூடாது. அது ஊறித் தானாகக் கழன்று வரும்வரை முக்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

காப்பகப் பொறுப்பாளர் அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "நீங்களா எதையும் கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேட்டுக்குங்க. காதுல விழுந்தது வாளித் தண்ணியோட போயிடணும். புரியுதா?"

சில்வண்டு என் விடுதி அறைத்தோழி, எனக்கு ஒரு வருடம் இளையவள். எந்நேரமும் வாய்க்குள் ராகம் இழுத்துக்கொண்டே இருப்பதால் நான் வைத்த பெயர். அவளை ஜெபக்குழுவுக்கு அழைத்து வந்ததும் நான்தான். நான்கு மாதம் முன்புவரை ஜெபத்தில் எப்போது கண்ணை மூடுவது, எப்போது திறப்பது என்றுகூடத் தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தவள். குழுவில் எனக்கு 'வசனப்பெட்டி' என்று பெயர். எதற்கும் ஒரு பைபிள் வசனம் வைத்திருப்பேன்.

இது பொறாமை இல்லை. நியாயம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

மே 7, புதன்

பொறாமைதான்.

கோட்டு அம்மா என்று ஒருவர் இங்கே வருகிறார். வெயிலிலும் ஆண்கள் கோட்டு ஒன்றைக் கழற்றுவதில்லை. எட்டு மாதமாக யார் சொல்லியும் ஷூவைக் கழற்றியதில்லையாம். திங்கட்கிழமை நான் அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். நல்ல வசனமாக ஒன்று சொன்னேன். ஜெபிக்கட்டுமா என்றேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று சில்வண்டு என்ன செய்தாள்? நின்று நின்று கால் கடுக்கிறது என்று தன் காலையே தண்ணீரில் வைத்துக்கொண்டாள்! ஊழியத்துக்கு வந்த இடத்தில்! கோட்டு அம்மா பார்த்தார். சிரித்தார். "நல்லா இருக்கா?" என்றார். "சொர்க்கம் மாதிரி இருக்கும்மா, நீங்களும் வைங்க" என்றாள் இவள். அவர் ஷூவைக் கழற்றினார். இடது காலில் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் கட்டியிருந்தது. அக்கா ஓடிவந்து பார்த்துக் கண்கலங்கினார்.

வளர்த்த கடா மார்பில் பாய்கிறது. இதைப் பாய்வது என்று சொல்லலாமா? பாவம், அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மே 8, வியாழன்

கோட்டு அம்மா வந்ததும் "அந்தப் பாட்டுப் பொண்ணு எங்க?" என்றார். நான் துண்டு துவைக்கப் போனேன்.

மே 9, வெள்ளி

சந்தோஷச் செய்தியாம். பெண்களுக்கான தனி அறை ஒன்றைக் கோட்டு அம்மாவுக்குத் தர அக்கா இரண்டு வருடமாக முயன்று வந்தாராம். அவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தே வந்தவர். இன்று சம்மதித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் அவரே வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். "யாரால மனசு மாறினாங்க தெரியுமா?" என்று அக்கா எல்லோரையும் கேட்டார். தெரியும், அக்கா. நன்றாகவே தெரியும்.

பிறகு ஊழியர் அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். "கடைசி நாள் கூட்டத்துல சாட்சி சொல்ல சில்வண்டை நிறுத்தலாம்னு பாக்குறேன். நீ என்னம்மா நினைக்கிற?"

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஊழியத்திலும் சாட்சி சொன்னது, கடவுள் என்ன செய்தார் என்று எல்லோர் முன்னும் எழுந்து பேசியது, நான். "ரொம்ப நல்லதுண்ணே" என்றேன். பல் தெரியச் சிரித்தேன். இந்த நடிப்புக்கு யாராவது பரிசு தந்தால் வாங்கிக்கொள்வேன்.

அம்மா போனில் கேட்டாள்: "உன்கூட வந்திருக்கே அந்தப் புள்ள, நல்லா பண்ணுதா?" நீயுமா அம்மா!

மே 10, சனி

மாடியில் துண்டு காயப்போடும்போது சில்வண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ராகம் இல்லை. "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்டயும் கேக்கத் தெரியல."

கோட்டு அம்மாவுக்கு இதே ஊரில் ஒரு மகள் இருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை. அம்மா குடிப்பழக்கத்தில் மகளின் கல்யாணத்தையே நாசமாக்கிவிட்டு ஆறு வருடம் முன்பு வீட்டை விட்டுப் போனவர். குடியை விட்டு மூன்று வருடமாகிறது. தினமும் காலையில் கடைக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். மகள் ஷட்டரைத் தூக்குவதைப் பார்க்கிறார். போய்விடுகிறார். அம்மா வேறு ஊரில் எங்கோ இருப்பதாக மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "நான் பாத்தா போதும், அவ என்னைப் பாக்க வேண்டாம்" என்றாராம்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. ஆனா குழு ஜெபத்துல வெச்சாத்தான் கடவுள் கேப்பாரோன்னு ஒரு பயம். சொல்லலாமாக்கா?"

"வேண்டாம். தனியா ஜெபி. அது போதும்" என்றேன். சரியான பதில். என் வாயிலிருந்துதான் வந்தது. தேதியோடு இங்கே குறித்து வைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

உள்ளூர் சபையாரோடு சேர்ந்து ஜெபக்கூட்டம். வரிசையாக எல்லோரும் ஜெபிக்க வேண்டும். சில்வண்டு முதலில் எழுந்தாள். நான்கே வரி. இரண்டு இடத்தில் திக்கினாள். "எனக்கு ஜெபிக்கத் தெரியல ஆண்டவரே, உங்களுக்குக் கேக்கத் தெரியும்" என்று முடித்தாள். மண்டபமே ஆமென் என்றது. சபையின் பெண்கள் சங்கத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் முறை வந்தபோது வாயில் தானாக வந்துவிட்டது என்று எழுத நினைத்தேன். பொய். எனக்கு முன் மூன்று பேர் இருக்கும்போதே வாக்கியங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். "ஆண்டவரே, தெருவில் ஒரு தாய் நிற்கிறாள்..." என்று தொடங்கினேன். கோட்டைச் சொன்னேன். மகளைச் சொன்னேன். மருந்துக்கடை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே பேருந்து நிறுத்தம், ஷட்டர் தூக்கும் நேரம், எல்லாம் சொன்னேன். உருக்கத்துக்கு அது தேவைப்பட்டது. நாலா பக்கமும் விசும்பல்.

நடுவில் சில்வண்டு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும்? நானும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், யார் யார் அழுகிறார்கள் என்று பார்க்க.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார். "சாட்சியை நீயே சொல்லிடும்மா. சில்வண்டுக்கு இன்னும் காலம் இருக்கு."

ஜெபம்தானே செய்தேன்? யாரிடமும் போய்க் கோள் சொல்லவில்லையே? கடவுளிடம்தானே சொன்னேன்?

மே 12, திங்கள்

பத்தரை மணி. கோட்டு அம்மாவின் இடது கால் தண்ணீரில். சில்வண்டு முக்காலியில். நான் பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். முன்வாசலில் மருந்துக்கடை வெள்ளை அங்கியோடு ஒரு பெண் வந்து நின்றாள். கூடவே பெண்கள் சங்கத் தலைவி, முகமெல்லாம் பூரிப்பு. காலையிலேயே கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். "நல்ல காரியம்தானே, ஜெபத்துக்கு உடனே பதில் வந்துடுச்சு பாருங்க!"

கோட்டு அம்மா மகளைப் பார்த்தார். பிறகு சில்வண்டைப் பார்த்தார். "உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றார். கத்தவில்லை. எழுந்து சமையலறை வழியாகப் போய்விட்டார். ஷூ இங்கேயே கிடக்கிறது. தரையில் ஈரக்காலின் தடம், இடது கால் மட்டும், பின்வாசல் வரை.

மகள் மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். "சாப்பிடுறாங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். "நான் இனிமே தேடி வரலை. அவங்களுக்குத் தோணினா கூப்பிடச் சொல்லுங்க."

நேற்றைய கூட்டத்துக்குப் பொறுப்பாளர் அக்கா வரவில்லை. அவர் கேட்டது சில்வண்டிடம். "நீ வெளியில சொன்னியா?"

"சொல்லிட்டேன்க்கா. என் தப்புதான்."

என் பெயரைச் சொல்லவில்லை. அக்கா அவளைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு முக்காலியை எனக்குக் கொடுத்தார். உட்கார்ந்தேன். எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? எழுதிவிடுகிறேன். ஒரு நிமிடம், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. அடுத்து வந்த பெரியவரின் காலைத் தண்ணீரில் வைக்கப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டேன். "என்னம்மா, தண்ணி அவ்வளவு சூடா?" என்று கேட்டார்.

மே 13, செவ்வாய்

இரண்டு நாள் நடந்தது மாதிரி இருக்கிறது. கால் வலியில்தான் எழுதுகிறேன்.

காலையில் சமையலறைக்குப் போனேன். சில்வண்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"அவங்க நம்பிச் சொன்னது என்கிட்ட. வாயைத் திறந்தது நான். அப்புறம் நீங்க யார்கிட்ட சொன்னா என்ன?"

நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைக்க எவ்வளவு ஆசைப்பட்டேன்! கண் வீங்கியிருந்தது. வேஷமில்லை. இதிலும் அவள்தான் எனக்கு மேலே. கத்தியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

நேராக அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு நிமிடச் சந்தோஷத்தைத் தவிர. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "ஜெபத்துலயா சொன்னே?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஆறு மணிக்குச் சாவி வேற ஆளுக்குப் போயிடும்" என்று கோட்டு அம்மாவின் ஷூவை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். சில்வண்டையும் கூட அனுப்பினார்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் புறப்பட்டோம். பாலத்தடி, சந்தையின் பின்பக்கம், ரயில் நிலையத்தில் பார்சல் போடும் இடம். பேருந்து நிறுத்தத்துக்குப் போகவில்லை. அந்த இடத்தை அவருக்கு இல்லாமல் செய்தாகிவிட்டது. வழியெல்லாம் சில்வண்டு எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். ராகம் இல்லை. அந்த முணுமுணுப்பு இவ்வளவு நாள் எனக்கு எரிச்சல் என்று நினைத்திருந்தேன்.

நாலேகாலுக்குக் கண்டுபிடித்தது அவள்தான். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடம். அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கால்களில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டியிருந்தார்.

"நான்தான்ம்மா சபையில சொன்னேன். இவ இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். பக்கத்திலிருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சில்வண்டைப் பார்த்தார். "நீ இவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்மா."

"ஏன்?"

"எனக்கு இவங்கதானே எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தாங்க. கேட்டுக்கலாம்னு போனேன்."

நான் தரையில் உட்கார்ந்து பையிலிருந்து ஷூவை எடுத்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். "நீ வேண்டாம்." சில்வண்டு போட்டுவிட்டாள். நான் எழுந்து ஓரமாக நின்றேன். அப்போதும், அந்த இடத்திலும், அவள் கை அந்தக் காலில் இருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என்ன ஜென்மமோ நான்!

ஷூ போட்டு முடிந்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டார். "அவ என்ன சொன்னா?"

மகளோடு பேசியவள் நான் ஒருத்திதான். அலங்காரம் ஏதும் சேர்க்காமல் சொன்னேன். "சாப்பிடுறாங்களான்னு கேட்டாங்க. இனிமே தேடி வரமாட்டாங்களாம். தோணினா கூப்பிடச் சொன்னாங்க. நம்பர் இருக்கு."

சீட்டை நீட்டினேன். "அதை அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்றார்.

ஐந்து ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். சாவியை அக்கா அவர் கையில் கொடுத்தபோது நான் வாசலுக்கு வெளியே நின்றேன். அறை எண் என்ன என்று எனக்குத் தெரியாது.

மே 14, புதன்

கடைசிக் கூட்டம். என்னால் சாட்சி சொல்ல முடியாது, காரணம் இது என்று அண்ணனிடம் காலையிலேயே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு, "அன்னைக்கு ஆமென் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றார். சில்வண்டைக் கேட்டார். அவளும் மாட்டேன் என்றுவிட்டாள்.

அதனால் கூட்டத்தில் சாட்சியே இல்லை. கடைசி வரிசையிலிருந்து பெண்கள் சங்கத் தலைவி எழுந்து, "அந்தத் தாயும் மகளும் சேர்ந்துட்டாங்களா, அதையாவது சொல்லுங்களேன்" என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்தேன். "பத்து நாள் கால் கழுவினோம். துண்டு துவைச்சோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

விடுதி திறந்து ஒரு வாரம். சில்வண்டு அறையை மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. பேனா கேட்டால் தருகிறாள். என் துணியையும் சேர்த்துக் கொடியிலிருந்து எடுத்து வருகிறாள். "அக்கா, சாப்பிட வரீங்களா?" என்று கூப்பிடுகிறாள். எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் பல் வலி வந்தால்கூட முதலில் என்னிடம்தான் வருவாள்.

இன்று மதியம் நான் அறைக்குள் நுழைந்தபோது போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "கால்ல ஈரம் இல்லாம துடைக்கிறீங்களா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஒரே பக்கம். பிறகு அவளாகவே, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "நல்லா இருக்காங்க."

மகளைக் கூப்பிட்டாரா? மகள் வந்தாளா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "சரி" என்றேன்.

எனக்கு அது போதும் என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். போதவில்லை. ஆனால் கேட்கவில்லை.